பழஞ்சேலையில் பிள்ளைக்குப் புதுக் கவுன்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்

நம் கிராமங்களில் பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியிலோ பழைய சேலையிலோ ஏந்துவதே வழக்கம். தூளி கட்டுவதும் தாயின் பழஞ்சேலையில்தான். பலமுறை துவைத்த பருத்தித் துணி கஞ்சியும் மொரமொரப்பும் நீங்கி, பச்சிளம் மேனியை உறுத்தாத மென்மையைப் பெறுகிறது என்பதை எழுத்தறியாத மூதாட்டியரும் அறிந்திருந்தனர். ஆயினும் அதே குழந்தை தவழ்ந்து, நடந்து, தெருவில் ஓடத் தொடங்கியதும் பழந்துணி என்ற சொல்லே நமக்கு நாணத்தைத் தருகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை இழைக் கவுனை வாங்கி அணிவிக்கிறோம். வியர்வையை உறிஞ்சாத அவ்வுடை, கோடையில் குழந்தையின் கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குருவை உண்டாக்குகிறது. வீட்டுப் பெட்டியிலோ, ஓரிடத்தில் மட்டும் நைந்துபோன நல்ல பருத்திச் சேலைகள், துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரியின் வரவை எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

பெரியவர் உடுத்துக் கழித்த ஒரு சேலையையும் ஒரு சட்டையையும் கொண்டு மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு கவுன் தைக்கும் முறையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தைக்கக் கற்பவர் இல்லத்தரசியராகவே பெரும்பாலும் இருப்பர். எனினும் அவர்களுக்கு இடமும் பயிற்சியும் மதிப்பும் கிடைக்கச் செய்யும் கடமை ஊராட்சி உறுப்பினர்களைச் சார்ந்ததாகலின், அவர்களும் இதனை ஊன்றிப் படித்தல் நலம்.

பழந்துணியின் மதிப்பு

பருத்தியின் அருமையை விவசாயிக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விதைத்த நாள் முதல் கடைசிப் பறிப்பு வரை ஏறத்தாழ ஐந்து மாத உழைப்பு அதில் அடங்கியுள்ளது. ஒரு கிலோ பருத்தித் துணி உருவாவதற்கு, மழைநீரும் உட்பட, உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அரைக் கிலோ எடையுள்ள ஒரு சேலையை நாம் குப்பையில் எறியும்போது ஏறத்தாழ 5,000 லிட்டர் நீரின் பயனையும், உழுதவர், களையெடுத்தவர், நூற்றவர், நெய்தவர் ஆகியோரின் உழைப்பையும் சேர்த்தே எறிகிறோம்.

கைத்தையலைக் கிராமப் பெண்களுக்குக் கற்பிக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பின், கிராம சேவிகைகள் மாதர் சங்கங்களில் குழந்தை வளர்ப்பு, சத்துணவு ஆகியவற்றோடு தையலையும் கற்பித்து வந்தனர். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலமெங்கும் பரவியுள்ளன. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் அமைந்த இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தின் வாயிலாக இயந்திரம் பெற்றோரும் ஊர்தோறும் உள்ளனர். ஆயினும் அவ்வியந்திரங்களுள் சில, துணி போர்த்தப்பட்டு மூலையில் நிற்பதைக் காண்கிறோம். காரணத்தை விசாரித்தால், புதுத் துணியில் கத்தரி வைக்க அச்சமாக இருக்கிறது என்பதே விடையாக வரும். விலை கொடுத்து வாங்கிய துணி கெட்டுவிடுமே என்ற அச்சம் நியாயமானதே. பழந்துணியில் அவ்வச்சம் இல்லை. தவறினால் மறுபடியும் வெட்டிப் பழகலாம். எனவே, கற்பவருக்குப் பழந்துணியைவிடச் சிறந்த பாடநூல் வேறில்லை.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

இக்கலையில் முதலில் பழக வேண்டுவது கண்; கை அதற்கு அடுத்ததே. ஒரு பழந்துணி எங்கும் ஒரே அளவாக நைவதில்லை. சேலையில் காலடியில் உரசும் கீழ்க்கரையும், உட்காரும்போது அழுந்தும் பின்பகுதியும், கை துடைத்துக் கை துடைத்து நைந்த முந்தானையும் முதலில் வலுவிழக்கும். இடுப்பில் செருகப்படும் மேற்கரையும், கொசுவத்தின் மேற்பாதியும் நெடுநாள் உறுதியாக இருக்கும். சட்டையில் கழுத்துப் பட்டி, முழங்கை, அக்குள் ஆகிய இடங்கள் முதலில் கிழியும். முதுகுப்புறமும், முன்புறத்தில் பைக்குக் கீழுள்ள பகுதியும் நல்ல நிலையிலிருக்கும்.

துணியின் வலுவை அறிய இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, துணியை வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். இழைகள் விலகி, வெளிச்சம் திட்டுத் திட்டாகத் தெரியும் இடங்களைச் சாக்கட்டியால் சுழித்து ஒதுக்கிவிடுக. இரண்டாவது, துணியை இரு கைகளின் பெருவிரல்களுக்கிடையே பிடித்து, பாவு நூலின் போக்கிலும் ஊடை நூலின் போக்கிலும் வெடுக்கென இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் நெகிழ்ந்தாலோ, கிழியும் ஓசை கேட்டாலோ அப்பகுதி குழந்தையின் உடைக்கு ஆகாது, துடைக்கும் துணியாகட்டும்.

துணி பருத்திதானா என்பதில் ஐயம் தோன்றினால், விளிம்பிலிருந்து நான்கைந்து நூல்களை உருவி, வீட்டுக்கு வெளியே ஒரு தட்டின்மேல் வைத்துப் பெரியவர் ஒருவர் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணிபோல் திரளும். உருகும் துணியில் தீப்பற்றினால் அது குழந்தையின் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை மறத்தலாகாது.

பின்வருவனவற்றை எவ்வளவு உறுதியாக இருப்பினும் குழந்தையின் உடைக்குப் பயன்படுத்தலாகாது.

1. பூச்சிமருந்து தெளிக்கும்போது உடுத்திய சட்டை, வேட்டி, கைலி, தலைத்துண்டு. நஞ்சின் எச்சம் இழைகளுக்குள் தங்கும். சில முறை துவைப்பதால் முற்றிலும் நீங்கிவிட்டதென்று கொள்வதற்கில்லை. இவற்றைத் தனியே வைத்துத் தெளிப்பு வேலைக்கு மட்டுமே உடுத்த வேண்டும்.

2. இயந்திர எண்ணெய், சாயம், சிமெண்டு படிந்த துணிகள்.

3. சரிகை மிகுந்த கரை. அதன் கம்பி இழை குழந்தையின் மேனியைக் கீறும். சரிகைக் கரையை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சிய துணியைக் கொள்ளலாம்.

தூய்மை

கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன மக்கள் நாம். துணி எவர் வீட்டிலிருந்து வந்ததாயினும், வெட்டுவதற்கு முன் அதனைத் தூய்மை செய்தல் கட்டாயமாகும். வேறொருவர் உடுத்த துணியின் வாயிலாகச் சொறி சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி பரவக்கூடும். 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பத்து நிமிடம் கிடந்தால் அது இறந்துவிடும். ஆகவே துணியைச் சோப்புடன் ஒரு பாத்திரத்திலிட்டுக் கால்மணி நேரம் கொதிக்க வைத்து, அலசி, நல்ல வெயிலில் காயப்போடுக. கொதிக்கும் பாத்திரத்தருகே குழந்தைகளை அண்டவிடலாகாது. சாயம் போகும் துணியாயின் முதலில் ஒரு மூலையை மட்டும் நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் தொடர்ந்து போகுமானால் அத்துணியை விட்டுவிடுக.

வெந்நீரில் துவைப்பதால் இன்னொரு பயனும் உண்டு. சுருங்க வேண்டிய துணி வெட்டுமுன்னரே சுருங்கிவிடும். தைத்தபின் அளவு குறையாது.

பெட்டியில் அந்துருண்டையிட்டு வைத்த துணிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. அந்துருண்டையிலுள்ள நாப்தலின், பிறவியிலேயே ஒருவகை நொதிக் குறைபாடுடைய கைக்குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் சோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்க வல்லது. எந்தக் குழந்தைக்கு அக்குறைபாடு உள்ளதென்பது பார்வைக்குத் தெரியாது. அத்தகைய துணியின் வாடை முழுவதும் நீங்கும் வரை பலமுறை துவைத்து, பல நாள் காற்றிலும் வெயிலிலும் உலர்த்த வேண்டும். கைக்குழந்தைக்கு அதனைத் தவிர்த்துவிடுவதே மேல்.

அளவும் காகித அச்சும்

குழந்தையை நேராக நிறுத்தி மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்: மார்புச் சுற்று, தோளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அகலம், தோளிலிருந்து முழங்கால் வரை நீளம். மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு மார்பு 21 அங்குலம், தோள் 9 அங்குலம், நீளம் 20 அங்குலம் என்று கொள்வோம். வயதைக் கேட்டு மட்டும் வெட்டலாகாது. ஒரே வயதுக் குழந்தைகளிடையே இரண்டு அங்குல வேறுபாடு எளிதில் இருக்கும்.

மார்பு அளவுடன் குழந்தை மூச்சு விடவும் ஓடியாடவும் 4 அங்குலம் தாராளம் சேர்த்து, நான்கால் வகுத்து, தையலுக்கு ½ அங்குலம் கூட்டுக. அஃதாவது 21-உம் 4-உம் 25. அதில் நான்கில் ஒரு பங்கு 6¼. அதனுடன் ½ சேர 6¾ அங்குலம். மார்பு 23 அங்குலமுள்ள குழந்தைக்கு இதே கணக்கில் 7¼ அங்குலம் வரும். இவ்வொரு கணக்கைக் கற்றுக்கொண்டால் எந்தக் குழந்தைக்கும் மேற்பாகம் வெட்டலாம்.

பழைய செய்தித்தாளில் 9 அங்குல நீளமும் 6¾ அங்குல அகலமும் உள்ள ஒரு நீள்சதுரம் வெட்டிக்கொள்க. இதன் இடது விளிம்பே உடலின் நடுக்கோடு. மேல் இடது மூலையிலிருந்து வலப்புறமாக 2 அங்குலத்தில் ஒரு புள்ளியும், 4½ அங்குலத்தில் மற்றொரு புள்ளியும் இடுக. முதற்புள்ளி கழுத்தின் ஓரம். இரண்டாவது தோளின் முனை. தோள் முனையை ½ அங்குலம் கீழிறக்கி, கழுத்தோரத்திலிருந்து அங்குவரை சாய்வாகக் கோடிடுக. நடுக்கோட்டில் மேலிருந்து 3 அங்குலம் கீழே குறித்து, கழுத்தோரத்துடன் வளைவாக இணைத்தால் அது முன்கழுத்து. 2 அங்குலத்தில் குறித்து இணைத்தால் அது பின்கழுத்து. வலது விளிம்பில் மேலிருந்து 5½ அங்குலம் கீழே குறித்து, தோள் முனையிலிருந்து அங்கு வரை உட்புறமாக வளைத்து வரைந்தால் கை நுழையும் வளைவு கிடைக்கும். முன்பாகத்திற்கு ஒன்றும் பின்பாகத்திற்கு ஒன்றுமாக இரண்டு அச்சுகள் வெட்டி, குழந்தையின் பெயரையும் நாளையும் அவற்றில் எழுதி வைக்கலாம்.

வெட்டும் முறை

கவுனின் மேற்பாகத்தைச் சட்டையிலிருந்தும், பாவாடைப் பகுதியைச் சேலையிலிருந்தும் வெட்டப் போகிறோம்.

சட்டையின் முதுகுத் துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் முன்பாக அச்சின் நடுக்கோட்டை வைத்து வெட்டுக. விரித்தால் முன்பாகம் ஒரே துண்டாக அமையும்.

பின்பாகத்திற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. சட்டையின் முன்புறத்தை எல்லாப் பொத்தான்களும் போட்ட நிலையிலேயே தரையில் பரப்புக. பொத்தான் வரிசையின் மேல் பின்பாக அச்சின் நடுக்கோட்டை வைத்து ஒரு பக்கம் வரைந்து, அச்சைப் புரட்டி மறுபக்கமும் வரைந்து, துணி நகராதபடி குண்டூசி குத்தி வெட்டுக. சட்டையின் பொத்தானும் காஜாவும் அப்படியே கவுனின் முதுகுத் திறப்பாகிவிடும். காஜா எடுப்பது தொடக்க நிலையினருக்குக் கடினமான வேலை. அது முழுவதும் மிச்சமாகிறது. அச்சை வைக்கும்போது பின்கழுத்து வளைவுக்கு ¾ அங்குலம் கீழே ஒரு பொத்தான் வருமாறு ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டும். சட்டைப் பைக்குக் கீழுள்ள பகுதியையே பயன்படுத்துக. பை இருந்த இடம் நிறம் மாறித் தெரியும்.

மூன்று வயதுக் குழந்தையின் தலைச் சுற்று சுமார் 19 அங்குலம். நாம் வெட்டிய கழுத்தின் சுற்றோ சுமார் 12½ அங்குலம். முதுகுத் திறப்பு இடுப்பு வரை நீள்வதால் தலை தாராளமாக நுழையும். திறப்பில்லாமல் தைத்துவிட்டுப் பின்னர் கழுத்தை அகல வெட்டுவோரின் உடை தோளிலிருந்து நழுவுவதற்கு இக்கணக்கை நோக்காமையே காரணம்.

அடுத்து, சேலையின் மேற்கரையோடு சேர்த்து 51 அங்குல நீளமும், கரையிலிருந்து உள்நோக்கி 14½ அங்குல உயரமும் உள்ள ஒரு துண்டை வெட்டுக. கரையே பாவாடையின் அடிவிளிம்பாக அமைவதால் அடியை மடித்துத் தைக்க வேண்டியதில்லை. கரையின் அழகும் வெளியே தெரியும். சேலையின் நீளம் 5½ மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 216 அங்குலம். மேற்கரையில் பாதி நீளம் நல்ல நிலையிலிருந்தாலே இரண்டு கவுன்களுக்குத் துணி கிடைக்கும்.

கழுத்துக்கும் கைவளைவுக்கும் பட்டி வேண்டும். எஞ்சிய மெல்லிய துணியை மூலைக்கு மூலை மடித்து, அந்தச் சாய்வான மடிப்பின் போக்கில் 1¼ அங்குல அகலத்தில் வெட்டுக. இதனைத் தையற்காரர்கள் கிராஸ் பட்டி என்பர். நேர்நூலில் வெட்டிய பட்டி வளைவில் சுருங்கி நிற்கும். சாய்வாக வெட்டியது இழுபட்டு வளைவோடு படியும். கழுத்துக்கு 15 அங்குலமும், கை ஒவ்வொன்றுக்கும் 12 அங்குலமும் போதும்.

தைக்கும் வரிசை

இயந்திரம் இல்லாதவர் கையாலேயே தைக்கலாம். ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னே குத்தி முன்னே எடுக்கும் கெட்டித் தையல், நாளும் துவைப்பதைத் தாங்கும்.

1. தோள் இணைப்பு: முன்பாகமும் பின்பாகமும் நல்ல புறம் வெளியே இருக்க, விளிம்பிலிருந்து ¼ அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாகத் தைத்து, பிசிறுகளைக் கத்தரித்து, உட்புறம் புரட்டி, மீண்டும் ¼ அங்குலத்தில் தைக்க வேண்டும். துணியின் பிசிறு இரு தையல்களுக்குள் அடங்கிவிடும். குழந்தையின் மேனியில் உறுத்தாது.

2. கழுத்துப் பட்டி: பட்டியை நல்ல புறத்தில் வைத்துச் சுற்றிலும் தைத்து, உட்புறம் மடக்கி, விளிம்பை உள்ளே மடித்துக் கைத்தையலால் முடிக்க வேண்டும். கழுத்தைக் கையால் இழுத்து நீட்டாமல், பட்டியை மட்டும் இலேசாக இழுத்துத் தைப்பது முறை.

3. கைவளைவு: பக்கங்களை இணைக்கும் முன்னரே, துணி தட்டையாக இருக்கும்போது, இதே முறையில் பட்டி தைத்துவிடுக.

4. பக்க இணைப்பு: தோளுக்குச் சொன்ன இருமுறைத் தையலே இதற்கும்.

5. பாவாடையின் மடிப்பு: கரைக்கு மேலே துணியை உட்புறமாக மடித்து, மடிப்பின் முனையிலிருந்து 1 அங்குலம் தள்ளி நீளம் முழுவதும் ஒரு நேர்த்தையல் போடுக. இம்மடிப்பு 2 அங்குல உயரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

6. பை: சட்டையிலிருந்து பிரித்த பையைச் சற்றுச் சிறிதாக்கி, பாவாடையின் வலப்பக்கம் தைத்துவிடலாம். குழந்தைகள் பை உள்ள உடையைப் பெரிதும் விரும்புவர்.

7. சுருக்கம்: பாவாடைத் துண்டின் இரு முனைகளையும் முதுகுப் பக்கம் வருமாறு இணைத்தால் சுற்றளவு 50 அங்குலமாகும். அதன் மேல் விளிம்பில், ஒன்றுக்கொன்று ¼ அங்குல இடைவெளியில், நீண்ட தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூலை இழுத்து 25 அங்குலமாகச் சுருக்குக. சுருக்கம் எங்கும் சீராகப் பரவுமாறு விரலால் ஒதுக்கிவிட வேண்டும்.

8. இணைப்பு: முதுகுத் திறப்பின் இரு பட்டிகளையும் இடுப்பு விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தபின், மேற்பாகத்தையும் பாவாடையையும் ½ அங்குலத்தில் இணைக்க வேண்டும். உள்ளே தெரியும் சுருக்க விளிம்பை ஒரு மெல்லிய துண்டால் மூடித் தைத்துவிட்டால் இடுப்பில் அரிப்பு உண்டாகாது.

பாதுகாப்பும் வளர்ச்சியும்

அழகுக்காகக் கழுத்தில் கயிறும் குஞ்சமும் வைப்பது பலருடைய வழக்கம். இது விலக்கத்தக்கது. விளையாடும் குழந்தையின் கழுத்துக் கயிறு தூளியின் கம்பிலோ, சைக்கிள் சக்கரத்திலோ, வேலியிலோ சிக்கினால் மூச்சே நின்றுவிடும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் கயிறு இருத்தலாகாது என்று ஐரோப்பிய நாடுகளின் பாதுகாப்புத் தரம் விதித்துள்ளது. சட்டையில் ஏற்கெனவே உள்ள பொத்தான்களையும் நம்பி விட்டுவிடாமல், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, புது நூலால் மறுபடியும் உறுதியாகத் தைக்க வேண்டும். கழன்ற பொத்தான் குழந்தையின் வாய்க்கே செல்லும். பருத்தியும் தீப்பற்றக் கூடியதே. எனவே மிகுந்த அகலமும் அடுக்கு அடுக்கான சுருக்கமும் வைத்த உடையுடன் குழந்தையை அடுப்படியில் விடலாகாது. வேலை முடிந்ததும் குண்டூசிகளை எண்ணிப் பார்த்து, உடையை உட்புறம் திருப்பித் தடவிப் பார்த்த பின்னரே அணிவிக்க வேண்டும்.

மூன்று முதல் ஐந்து வயது வரை ஒரு குழந்தை ஆண்டுக்கு 6 முதல் 7 சென்டிமீட்டர் வளர்கிறது. கரைக்கு மேல் நாம் வைத்த மடிப்பு இதற்காகவே. ஓராண்டு கழித்து அத்தையலைப் பிரித்தால் பாவாடை 2 அங்குலம், அஃதாவது 5 சென்டிமீட்டர் நீளும். மேற்பாகத்தில் வைத்த தாராளமும் துணை செய்வதால் ஒரே கவுன் இரண்டு ஆண்டுகள் உதவும்.

வெட்டி எஞ்சிய துண்டுகளும் வீணல்ல. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டன; 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிற்று. சேலையின் முந்தானைத் துணியை இரட்டையாக மடித்தால் உறுதியான கடைவீதிப் பை கிடைக்கும்.

பிள்ளையின் மானம்

இத்தொழில் பரவாமைக்குத் தையல் அறியாமையைவிட நாணமே பெருந்தடையாக உள்ளது. ஊராட்சி ஒன்றில் மகளிர் குழுவினருக்கு இப்பயிற்சி நடைபெற்றபோது இளந்தாய் ஒருவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “டீச்சர், பழஞ்சேலையில் தைத்துப் போட்டால் அங்கன்வாடியில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா?” என்று வினவினார். ஆசிரியை விடை கூறுமுன் அருகிலிருந்த மூத்த பெண்மணி, “தங்கச்சி, கிழிசலைப் போட்டால் சிரிப்பார்கள், அளவெடுத்துத் தைத்துப் போட்டால் எங்கே வாங்கியது என்று கேட்பார்கள்” என்றார். இவ்விடையில் இப்பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெரியவரின் பழைய உடையைக் குழந்தைமேல் போர்த்துவது வேறு. அக்குழந்தைக்கென அளந்து, நல்ல பகுதியைத் தேர்ந்து, விளிம்பு பிசிறாமல் தைத்துத் தருவது வேறு. பின்னதற்குப் புத்தாடை என்றே பெயர்.

இதனால் நெசவாளரின் பிழைப்புக்குக் கேடு வருமென அஞ்ச வேண்டுவதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருநாளுக்கும் கோடி உடுத்தும் வழக்கம் அப்படியே தொடரட்டும். அன்றாடம் மண்ணில் புரளும் குழந்தைக்கு வேண்டிய நான்கைந்து உடைகளே இங்குப் பேசப்படுவன. அவற்றில் மிச்சமாகும் பணம் நல்லதொரு கைத்தறித் துணியை ஆண்டுக்கொருமுறை வாங்க உதவுமாயின், நெசவாளருக்கு அது நன்மையே.

ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊராட்சியில் இயங்காமல் நிற்கும் தையல் இயந்திரங்கள் எத்தனை, தைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று வார்டு உறுப்பினர்கள் வீடுதோறும் கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும். பழுதான இயந்திரங்களை ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்த்து, பழுது பார்ப்பவரை வரவழைத்தால் செலவு குறையும்.

இரண்டாவதாக, மாதம் ஒரு நாளைத் துணி சேர்க்கும் நாளாக அறிவிக்கலாம். தூய்மைக் காவலர்கள் குப்பையோடு கலந்து வாங்காமல், துவைத்த துணியை மட்டும் தனிப்பையில் பெறுதல் வேண்டும். குப்பைமேட்டில் செயற்கை இழைத் துணிகளை எரிப்பதால் எழும் நச்சுப் புகை ஊருக்கே தீங்காதலால், அதனைத் தடுக்கும் பயனும் இதிலுண்டு. துவைக்காத துணியையும், பூச்சிமருந்து பட்ட துணியையும் கண்டிப்பாக மறுக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஊராட்சிக்குச் சொந்தமான கட்டடமொன்றில் வாரம் இரண்டு பிற்பகல்கள் வகுப்பு நடத்த இடம் ஒதுக்கலாம். ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பு பொறுப்பேற்றால் வகுப்பு இடையில் நின்றுவிடாது. முதல் வாரம் துணி தேர்தலும் தூய்மையும், இரண்டாம் வாரம் அளவும் காகித அச்சும், மூன்றாம் வாரம் வெட்டுதலும் தோள், கழுத்துத் தையலும், நான்காம் வாரம் சுருக்கமும் இணைப்பும் என்று ஒரு மாதத்தில் பாடத்தை முடிக்கலாம். ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழந்தைக்குத் தைத்த கவுனே தேர்வுத்தாளாகும்.

நான்காவதாக, தைத்த உடைகளை வழங்கும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். வறிய குழந்தைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, உடை கொடுத்துப் புகைப்படம் எடுப்பது, உடுத்திய பிள்ளையை ஊரார் முன் இரவலர் ஆக்குவதாகும். தாயே வந்து கற்றுத் தன் பிள்ளைக்குத் தைத்துக்கொள்வது தலைசிறந்த முறை. அது இயலாதவர்க்குக் குழுவினர் தைத்து, நூலுக்கும் உழைப்புக்கும் உரிய சிறு விலைக்கு விற்கலாம். விலை கொடுக்க இயலாதவர் வீட்டுக்கு உறுப்பினர் ஒருவர் ஓசையின்றிக் கொண்டு சேர்க்கலாம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றுடன் இதனையும் ஒரு பொருளாக வைத்து, பயிற்சி பெற்ற பெண்கள் தாம் தைத்த உடைகளைக் கூட்டத்தில் காட்டி விளக்கும்படி செய்தால், அடுத்த வகுப்புக்கு ஆள் தேட வேண்டியிராது. பழைய சேலையின் எந்தப் பகுதி வலுவானது, எது கழிக்கத்தக்கது என்று கண்டறியப் பழகிய பெண்மணி, புதுத் துணி வாங்கும்போதும் கடைக்காரரின் சொல்லை நம்பி ஏமாறமாட்டார். அங்ஙனம் பழகிய கை நாளை பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து ஊதியம் ஈட்டவும் வழி பிறக்கும். ஆகவே, இம்மாதமே பெட்டியைத் திறந்து ஒரு சேலையையும் ஒரு சட்டையையும் வெயிலில் விரித்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.